டீசலுக்கு மாறினால்தான் படகா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய விளையாட்டு மீன்பிடிப் படகு ஒன்றை வாங்குகிறவரைத் தேடி முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்துவிடும். இருக்கும் பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் வைத்துவிடுங்கள் என்பதே அது. ஃபுளோரிடாவின் படகுத்துறைகளில் இதை யாரும் விவாதத்துக்குரிய கருத்தாக நினைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த நடைமுறையைப் போலச் சொல்கிறார்கள். டீசல் எரிபொருளை மிச்சப்படுத்தும், போட்ட பணம் திரும்பிவிடும், எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும், பெட்ரோலைப் போல வெடிக்காது, விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்று காரணங்களும் வரிசையாக வரும்.

இவற்றில் எதுவும் முழுப் பொய் கிடையாது. மறுப்பதற்குக் கடினமாக இருப்பதும் அதனால்தான். ஆனால் சனி, ஞாயிறுகளில் மட்டும் கடலுக்குப் போகிற, முப்பது அடிப் பழைய படகு வைத்திருக்கிற ஒருவருக்குச் சொல்லும் ஆலோசனை என்ற அளவில் இது தவறானது. அவருடைய சேமிப்பைக் கரைக்கிறது. பல நேரங்களில் படகையும் சேர்த்து அழிக்கிறது.

பேச்சு பொதுப்படையாகப் போகாமல் இருக்க, இந்த விவாதம் அதிகம் நடக்கிற படகையே எடுத்துக்கொள்ளலாம். பெர்ட்ராம் 31. 1958-ல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்கான தேர்வுகள் நடந்தபோது, ரே ஹன்ட் வடிவமைத்த ஒரு சிறு படகு அலைகளை வெட்டிக்கொண்டு போவதை ரிச்சர்ட் பெர்ட்ராம் பார்த்தார். கூர்மையான 'வி' வடிவ அடிப்பகுதியைப் பின்தளம் வரை விடாமல் கொண்டுபோன வடிவம் அது. அதே வடிவத்தில் முப்பது அடி மரப்படகு ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்கு 'மாப்பி' என்று பெயர் வைத்தார். 1960-ல் மயாமி–நசாவ் பந்தயம் கொந்தளித்த கடலில் நடந்தது. மாப்பி எட்டு மணி நேரத்தில் கரை சேர்ந்து வென்றது. அதில் இருந்தவை இரண்டு லிங்கன் வி8 பெட்ரோல் எஞ்சின்கள். அந்தப் படகைப் பின்பற்றிக் கண்ணாடியிழையில் வார்த்த பெர்ட்ராம் 31, 1961-ல் சந்தைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் 1,800-க்கும் அதிகமான படகுகள் அந்த வார்ப்பிலிருந்து இறங்கின. தொழிற்சாலையிலேயே டீசல் வைத்து வந்தவையும் உண்டு. ஆனாலும் இந்தப் படகு பெயர் வாங்கியது பெட்ரோலில்தான். பிந்தைய காலத்துப் படகுகளில் பரவலாக இருந்தது, செவ்ரோலேயின் 7.4 லிட்டர் வி8-ஐ அடிப்படையாகக் கொண்ட 330 குதிரைத்திறன் மெர்க்ரூசர் ஜோடி.

முதலில் எரிபொருள் கணக்கு. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர, பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய அரை பவுண்டு எரிபொருள் எரிக்கும். டீசல் எஞ்சின் 0.4 பவுண்டு எரிக்கும். ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு எடை, டீசல் சுமார் 7 பவுண்டு. இந்தப் படகு மிதமான வேகத்தில் ஓட 240 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலில் மணிக்கு 20 கேலன் போகும். டீசலில் பதின்மூன்று, பதினான்கு கேலன். வித்தியாசம் மணிக்கு ஆறரை கேலன். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி ஓடும் மணிகளைப் பார்க்கவேண்டும். வார இறுதிப் படகுக்கு ஆண்டில் நூறு மணி நேரம் ஓட்டம் என்பதே தாராளமான கணக்கு. அந்த நூறு மணியும் முழு ஓட்டத்தில் கழிகிறது என்று டீசல் பக்கத்துக்கு முடிந்த வரை சாதகமாக வைத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கும் படகு பாதி நேரம் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதை மறந்துவிடலாம். இரண்டு எரிபொருளும் கேலன் 4 டாலர் என்றால், ஆண்டுக்கு மிச்சமாவது 2,600 டாலர். மறுபக்கம், இரண்டு புதிய டீசல் எஞ்சின்களும் கியர்களும் பொருத்துகூலியும் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். புதிய பெட்ரோல் ஜோடி அதில் பாதிக்கும் கீழே முடியும். கூடுதல் செலவை 60,000 டாலர் என்று வைத்தாலும் அது திரும்பிவர 23 ஆண்டுகள் ஆகும். 1972-ல் வார்த்த உடலுக்கு அப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். உரிமையாளரின் வயதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அந்த 60,000 டாலரும் விலைப்பட்டியலில் தெரிகிற தொகைதான். பெட்ரோல் வி8 நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று திறன் தருவது. டீசல் மெதுவாகச் சுழன்று கடுமையான முறுக்குவிசை தருவது. பழைய ஷாஃப்ட் அந்த விசையைத் தாங்காது; தடிமனான ஷாஃப்ட் வேண்டும். ஷாஃப்ட் தடித்தால் அது நுழையும் குழாயும், நீரடைப்பும், அடியில் அதைத் தாங்கும் கால்களும் மாறவேண்டும். கியர் விகிதம் மாறும்போது புரொப்பல்லர் பெரிதாகும். அதன் நுனிக்கும் படகின் அடிப்பரப்புக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால் அதிர்வு தொடங்கிவிடும். டர்போ டீசல் காற்றைக் குடிக்கிற அளவு பெட்ரோல் எஞ்சின் குடிக்காது. அதனால் பக்கவாட்டுக் காற்றுத் துளைகளை அகலப்படுத்தவேண்டும். புகைக்குழாய் பருமன், பாட்டரித் திறன், எரிபொருள் வடிகட்டிகள், டாங்கிக்குத் திரும்பிச் செல்லும் குழாய் என்று வேலை நீண்டுகொண்டே போகும். எஞ்சின் உட்காரும் நெடுந்தாங்கிகளுக்குள் ஐம்பது ஆண்டுகளாக நீர் ஊறியிருந்தால், எடை கூடிய எஞ்சினை ஏற்றும் முன் அவற்றையும் அறுத்துப் புதிதாகக் கட்டவேண்டும். அந்த ஊறல் பழைய எஞ்சினை வெளியே எடுத்த பிறகுதான் கண்ணில் படும். மதிப்பீடு அதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்கும்.

இதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்கக்கூடாது. எஞ்சின் இல்லாமல் தூண்களின் மேல் நிற்கும் பழைய படகுகளைப் படகுப் பட்டறைகளின் பின்பகுதியில் யாரும் பார்க்கலாம். ஆர்வத்தோடு வாங்கியவரின் பணம் பாதியில் தீர்ந்திருக்கும். மழைநீர் உள்ளே தேங்கும். மாத வாடகை ஏறும். ஒரு கட்டத்தில் படகை வெட்டி அப்புறப்படுத்துவார்கள். பெட்ரோல் எஞ்சின்களோடு இன்னும் இருபது ஆண்டுகள் மிதந்திருக்கக்கூடிய உடல் அது. டீசலைப் பரிந்துரைத்தவர்களில் எவரும் அந்த இழப்பைத் தங்கள் ஆலோசனையோடு சேர்த்து எண்ணுவதில்லை.

ஆயுள் பற்றிய வாதம் இன்னும் பலவீனமானது. டீசல் ஐயாயிரம் மணி ஓடும், பெட்ரோல் ஆயிரத்து ஐந்நூறில் முடிந்துவிடும் என்பார்கள். சரியென்றே கொள்வோம். ஆண்டுக்கு 75 மணி ஓடுகிறவருக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி என்பது இருபது ஆண்டுகள். அதற்குள் எஞ்சினைக் கொல்வது தேய்மானமாக இருக்காது, உப்பாகத்தான் இருக்கும். கடல்நீர் பாயும் மேனிஃபோல்டுகளும் புகை ஏறும் ரைசர்களும் உள்ளுக்குள் அரித்து, சிலிண்டருக்குள் நீர் இறங்கித்தான் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் செத்துப்போகின்றன. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுகிறவரின் எஞ்சின் நிலைத்திருக்கும்.

டீசலுக்கும் அதே உப்புதான் எதிரி. ஆஃப்டர்கூலர், வெப்பமாற்றி, டர்போவை ஒட்டிய புகை முழங்கை எல்லாம் கடல்நீர் பட்டு அரிபவை. அவற்றின் விலை பெட்ரோல் உதிரிகளைப் போலப் பல மடங்கு. தவிர, 'டீசல் ஆயுள்' என்று சொல்லும்போது மனத்தில் நிற்பது லாரி எஞ்சினும் இழுவைப்படகு எஞ்சினும்தான். இந்த அளவுப் படகுகளில் விரும்பி வைக்கப்படும் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின், 1989-ல் டாட்ஜ் பிக்கப் வண்டியில் 160 குதிரைத்திறனோடு வந்தது. அதே அடிப்படைப் பிளாக் படகுக்கு வந்தபோது 370 குதிரைத்திறன் வரை ஏற்றப்பட்டது. இரு மடங்குக்கும் மேல் பிழியப்பட்ட எஞ்சின் லாரி எஞ்சினின் ஆயுளைத் தரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உற்பத்தியாளர்களே இத்தகைய உயர்திறன் தரநிலைகளைத் தொழில் பயன்பாட்டுக்குத் தருவதில்லை. எட்டு மணி ஓட்டத்தில் ஒரு மணி மட்டுமே முழுத்திறன் என்று வரம்பு கட்டித்தான் விற்கிறார்கள்.

ஓடாமல் நிற்பது இரண்டு எஞ்சினுக்கும் கேடு. டீசல் டாங்கியில் நீர் சேர்ந்தால் அதில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டிகளை அடைக்கும். மூன்று வாரம் துறையில் கிடந்து, ஒருநாள் ஓடி, மறுபடி கிடக்கிற வாழ்க்கை டீசலுக்குப் பொருந்தாத வாழ்க்கை.

பாதுகாப்பு வாதத்துக்கு வரும்போது கவனமாகப் பேசவேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் உறைபனிக்குப் பல பாகை கீழேகூடத் தீப்பற்றும் ஆவியை விடும். டீசலுக்கு 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கும். சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி போதும். படகுகள் இப்படி வெடித்ததும் மனிதர்கள் இறந்ததும் உண்மை. இந்த அச்சத்தை அற்பமாகப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் எந்தப் படகு வெடிக்கிறது என்று பார்த்தால் விடை வேறு பக்கம் கை காட்டுகிறது. விரிசல் விட்ட எரிபொருள் குழாய், அரித்துப்போன டாங்கி, செலவைக் குறைக்கக் கார் உதிரிபாகக் கடையில் வாங்கி மாட்டிய ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும். படகுக்கென்று செய்யப்படும் ஸ்டார்ட்டர், பொறி வெளியே ஆவியைத் தொடாதபடி அடைக்கப்பட்டது. கார் ஸ்டார்ட்டர் அப்படி இல்லை. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் பழைய உரிமையாளர் எதைப் பொருத்தினார் என்று எஞ்சின் பெட்டியைத் திறந்து பார்க்காமல் தெரியாது. இன்னொன்று, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி மின்விசிறிக் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது 1980 ஜூலைக்குப் பிறகு கட்டிய பெட்ரோல் படகுகளுக்குத்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த படகில் அது சரியாக இல்லாமலிருக்க வாய்ப்பு உண்டு. நல்ல ஊதுவிசிறி, புதிய குழாய்கள், ஆவி உணரும் கருவி, முறையான ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்தாலும் டீசல் மாற்றத்துக்கு ஆகும் செலவில் சிறு துண்டுதான். இவற்றைச் செய்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் முன் நான்கு நிமிடம் விசிறியை ஓட்டி, பெட்டியைத் திறந்து மோந்து பார்க்கிற உரிமையாளர் தன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். எரிபொருளை மாற்றிவிட்டால் கவனம் தேவையில்லை என்று நம்புகிறவர் அதைச் செய்யவில்லை.

டீசல் படகும் எரியும். படகுக் காப்பீட்டில் பெரிய நிறுவனமான போட்யுஎஸ் தன் கோப்புகளை ஆராய்ந்தபோது, தீ விபத்துகளில் பாதிக்கும் மேல் மின்கம்பிகளிலும் மின்கருவிகளிலும் தொடங்கியவை என்று கண்டது. எரிபொருள் கசிவால் வந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி பெட்ரோல்தான் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுப் பழைய மின்கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு, இருக்கும் பணத்தையெல்லாம் டீசலில் கொட்டுகிறவர் பெரிய ஆபத்தைத் தொடாமலே சின்ன ஆபத்தைத் தீர்க்கிறார். பழைய படகு வாங்கியவரிடம் அளவில்லாத பணம் இருப்பதில்லை. எதற்கு முதலில் செலவழிப்பது என்பதுதான் அவர் முன்னால் நிற்கும் கேள்வி.

கார்பன் மோனாக்சைடும் இதில் சேரும். பெட்ரோல் புகையில் அது மிக அதிகம். லேக் பவல் நீர்த்தேக்கத்தில் வீட்டுப்படகுகளின் பெட்ரோல் ஜெனரேட்டர் புகையால் நேர்ந்த மரணங்கள் 2000-ல் அரசு ஆய்வாளர்களை அங்கே வரவழைத்தன. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2010 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய உள்பொருத்து பெட்ரோல் எஞ்சின்கள் வினையூக்கி மாற்றியோடு வருகின்றன; கார்பன் மோனாக்சைடு பெருமளவு குறைந்திருக்கிறது. எரிபொருளை ஊசிவழி செலுத்தும் முறை கார்புரேட்டரின் வீணடிப்பையும் நிறுத்திவிட்டது. டீசலை ஆதரிப்பவர்கள் இன்றைய டீசலோடு ஒப்பிடுவது 1975-ன் பெட்ரோல் எஞ்சினை. ஒப்பீடு நேர்மையாக இருக்கவேண்டுமென்றால் இரண்டுமே இன்றையவையாக இருக்கவேண்டும்.

எதிர்த்தரப்பில் மிக வலுவான வாதம் எத்தனால் பற்றியது. ஆனால் துறைகளில் அதிகம் பேசப்படாததும் அதுதான். 2004 தொடக்கத்தில் நியூயார்க்கும் கனெக்டிகட்டும் பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருளைத் தடை செய்தன. அந்த இடத்தில் பத்து சதவீத எத்தனால் வந்தது. லாங் ஐலண்ட் பகுதியில் பழைய பெர்ட்ராம், ஹாட்டெராஸ் படகுகளின் எஞ்சின்கள் திடீரென்று பழுதாகத் தொடங்கின. உள்ளிழுக்கும் வால்வுகளில் தார் போன்ற கறுப்புப் படிவு ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் படகுகளுக்கு வைத்தவை கண்ணாடியிழை டாங்கிகள். எத்தனால் அவற்றின் பிசினைக் கரைத்து எஞ்சினுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. டீசல் அந்தப் பிசினை ஒன்றும் செய்யாது. ஆகவே பழைய கண்ணாடியிழை டாங்கி உள்ளவர் டீசலுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீர்கிறது என்பது மெய்தான்.

ஆனால் அப்படிப்பட்ட படகை வாங்கியவர் முதலில் செய்யவேண்டியது டாங்கியை அகற்றி அலுமினிய டாங்கி வைப்பது. அது சிரமமான வேலை. தளத்தை அறுக்க நேரலாம். அப்படியும் எஞ்சின், கியர், ஷாஃப்ட் எல்லாவற்றையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால் அது ஒரே வேலை. பெட்ரோல் இருந்த டாங்கியில் டீசல் ஊற்ற நினைப்பவரும் அதை முழுதும் கழுவியே ஆகவேண்டும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை இறங்கிவிடும். டீசலுக்கென்று கட்டிய அறையில் பெட்ரோலின் ஆபத்து வந்து உட்காரும்.

பிறகு, மீன். படகு இருப்பது அதற்குத்தானே. கூலிங் தண்ணீரின் வெப்பம், எண்ணெய் அழுத்தம் என்று எல்லாவற்றையும் பேசுகிறவர்கள் தூண்டிலைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். தெற்கு ஃபுளோரிடாவில் மயில் மீன் பிடிப்பவர்கள் உயிருள்ள இரையை மிக மெதுவாக இழுக்கிறார்கள், அல்லது காற்றாடியில் கட்டி நீர்மட்டத்தில் நிறுத்துகிறார்கள். பெரிய புரொப்பல்லர் சுழற்றும் டீசல் படகு, எஞ்சினை முழுதும் தணித்த பின்பும் ஆறு நாட் வேகத்துக்குக் குறையாமல் போகும், இரை பிய்ந்துபோகும். கியரை நழுவவிடும் தனி வால்வு வாங்கிப் பொருத்தித்தான் அதைத் தணிக்கிறார்கள். மணிக்கணக்காகக் குறைந்த பளுவில் ஓடும் டர்போ டீசல் சரியான வெப்பத்துக்கு ஏறாமல் கரி பிடிக்கும். பின்தளத்தில் நிற்பவர் மேல் புகைநாற்றம் சுழலும். டீசலின் ஒலிக்குத்தான் மார்லின் மேலே வரும் என்று சில கேப்டன்கள் உறுதியாகச் சொல்வார்கள். எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'பிலார்' 1934-ல் புரூக்ளினில் வீலர் பட்டறை கட்டிய 38 அடிப் படகு. அதில் இருந்தவை 75 குதிரைத்திறன் கிரைஸ்லர் ஒன்றும், தூண்டில் இழுக்கும்போது ஓட்ட 40 குதிரைத்திறன் லைகோமிங் ஒன்றும். இரண்டும் பெட்ரோல். பிமினியிலும் கியூபாவிலும் அவர் பிடித்த மார்லின்களுக்கு அந்த ஒலி இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை.

டீசல் தேவைப்படும் படகுகள் உண்டு. அதை மறுத்தால் இந்தக் கட்டுரையும் நேர்மை இழந்துவிடும். வட கரோலினாவின் ஆரிகன் இன்லெட்டிலிருந்து பருவம் முழுக்க நாள்தோறும் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு போகும் கட்டணப் படகு ஆண்டுக்கு ஆயிரம் மணிக்கு மேல் ஓடக்கூடியது. மேலே போட்ட கணக்கில் மணிகளைப் பத்து மடங்காக்கினால் 23 ஆண்டு ஏறக்குறைய இரண்டேகால் ஆண்டாகச் சுருங்கும். அவர் டீசல் வைப்பதே சரி.

தூரமும் அப்படித்தான். நியூஜெர்சியிலிருந்தும் மான்டாக்கிலிருந்தும் சூரை தேடிப் போகிறவர்கள் கடலடியில் உள்ள ஹட்சன் பள்ளத்தாக்கை அடைய எண்பது முதல் நூறு கடல் மைல் ஓடவேண்டும். சுமார் 220 கேலன் டாங்கி உள்ள பெர்ட்ராம் 31, பெட்ரோலில் கேலனுக்கு ஒரு கடல் மைல் போகும் என்றால், மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டபின் மொத்தம் 147 மைல்தான் கிடைக்கும். போய்த் திரும்ப முடியாது. டீசலில் கேலனுக்கு ஒன்றரை மைல் என்றால் 220 மைல். அந்தக் கடலில் டீசல் உயிர்க்காப்பு. பாம் பீச்சிலிருந்து கிளம்புகிறவருக்கோ வளைகுடா நீரோட்டம் சில மைல்களிலேயே வந்துவிடுகிறது. மயாமியிலிருந்து பிமினிக்கே ஐம்பது மைல்தான். வடக்கே பள்ளத்தாக்குக்கு ஓடுகிறவர்களும் பிழைப்புக்காகப் படகோட்டுகிறவர்களும் தங்கள் தேவைக்குக் கண்டடைந்த விடையை, துறைமுகப் பேச்சு எல்லாப் படகுக்கும் பொது விதியாக்கிவிட்டது. தூரத்தையும் மணிகளையும் கேட்காமல் டீசல் என்று சொல்பவரின் ஆலோசனையை ஏற்கவேண்டியதில்லை.

மறுவிற்பனையிலும் இதே கவனம் வேண்டும். டீசல் படகு கூடுதல் விலைக்குப் போவது உண்மை. ஆனால் பழைய உடலில் போட்ட புது எஞ்சினின் முழு விலையை வாங்குபவர் தரமாட்டார். வாங்குபவர் அழைத்துவரும் ஆய்வாளர் எஞ்சினைப் பார்க்கும் முன் சுத்தியலை எடுத்துத் தளத்தையும் பின்தளப் பலகையையும் தட்டிப்பார்ப்பார். நீர் ஊறிய இடத்தில் மந்தமான ஒலி வந்தால், பெட்டிக்குள் எந்த எஞ்சின் இருந்தாலும் விலை இறங்கும்.

ஆகவே எழுபதுகளின் பெட்ரோல் படகோடு நிற்கிறவர் செய்யத்தக்க வேலைகள் வேறு. நெடுந்தாங்கிகளின் ஈரத்தை அளப்பது. கண்ணாடியிழை டாங்கி என்றால் தூக்கி எறிவது. எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. மின்கம்பிகளை முதலிலிருந்து மறுபடி இழுப்பது. ஊதுவிசிறி, ஆவி உணரி, கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான், படகுக்கென்றே செய்த ஸ்டார்ட்டர். பழைய எஞ்சின் அழுத்தச் சோதனையில் தேறினால் புதிய மேனிஃபோல்டும் ரைசரும். தேறாவிட்டால் ஊசிவழி எரிபொருள் முறையும் வினையூக்கியும் கொண்ட புதிய பெட்ரோல் ஜோடி, அதே ஷாஃப்டில், அதே தாங்கிகளில். எஞ்சின்கள் தேறிவிட்ட படகில் மேலே சொன்ன வேலைகள் அத்தனைக்கும் ஆகும் மொத்தச் செலவு, பொருத்திய இரண்டு டீசல்களில் ஒன்றின் விலையைக்கூடத் தொடாது.